பிள்ளையின் துயரம் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால்

களக்காட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பல வீடுகளில் இது நிகழ்கிறது. பதினாறு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. இரத்தப் பரிசோதனையில் குறையில்லை; ஸ்கேனிலும் ஒன்றும் தென்படவில்லை. "பிறகு ஏன் இவன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான்?" என்று தாய் கேட்கிறார். பிள்ளையோ தரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறான். தனியே அமர்த்திப் பொறுமையாகக் கேட்டால்தான், பல வாரங்களாக உறக்கம் இல்லை, எதிலும் விருப்பம் இல்லை, இனி எதுவும் சரியாகாது என்று தோன்றுகிறது என்பவை ஒவ்வொன்றாக வெளிவரும். அவனது வயிற்றுவலி பொய்யன்று. மனத்தின் நோய் உடலின் வழியாகப் பேசியிருக்கிறது.

வருத்தம் எல்லோருக்கும் வரும். மதிப்பெண் குறைந்தாலும் நண்பன் பிரிந்தாலும் பிள்ளை சில நாள் வாடியிருப்பது இயல்பே. ஆனால் துயரமோ எரிச்சலோ, எதிலும் நாட்டமின்மையோ இரு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் பெரும்பொழுதும் நீடித்து, உறக்கம், உணவு, படிப்பு ஆகியவற்றைக் கெடுத்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் அது.

எவ்வாறு அறிவது?

வளரிளம் பருவத்தினரிடம் இந்நோய் எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. சிறு சொல்லுக்கும் சீறுதல், நண்பர்களைத் தவிர்த்தல், பிடித்த விளையாட்டைக் கைவிடுதல், நள்ளிரவு வரை விழித்திருத்தல் அல்லது பகலெல்லாம் உறங்குதல், காரணம் புலப்படாத தலைவலி, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற பேச்சு ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெற்றோர் பிழைபடக் கருதுவதுண்டு. வாழை இலை மஞ்சளித்தால் நம் ஊர் விவசாயி மரத்தைத் திட்டுவதில்லை. வேரில் என்ன கேடு என்று மண்ணைத் தோண்டிப் பார்க்கிறார். பிள்ளையிடமும் அந்தப் பொறுமையே வேண்டும்.

இது அரிய நோயும் அன்று. 2015–16ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் இது ஏறத்தாழ மூவரைக் குறிக்கும்.

காரணம் ஒன்றன்று

பரம்பரைக் கூறு, குடும்பக் கடன், தந்தையின் குடிப்பழக்கம், தேர்வு அச்சம், கைப்பேசியால் கெடும் உறக்கம் எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தே இந்நோயை உண்டாக்குகின்றன. தைராய்டுக் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரக்கூடும். தமிழகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தச்சோகை உள்ளது. ஆகவே மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது வழக்கம்.

நம் பகுதியில் பேசத் தயங்கும் காரணம் ஒன்றும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். பள்ளிகளில் நிலவும் சாதிப் பகைமையைக் களைய வழி கூறுமாறு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அவ்வளவு தூரம் செல்லாத அவமதிப்புகள் செய்தியாவதில்லை. ஆயினும் நாள்தோறும் இழிவுபடுத்தப்படும் பிள்ளை நம்பிக்கை இழப்பதில் வியப்பில்லை. "பள்ளியில் உன்னை யாராவது மட்டமாகப் பேசுகிறார்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள். அங்கே சூழல் மாறாமல் மருந்து மட்டும் முழுப்பயன் தராது.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். 2017 முதல் தமிழகத்தில் பொதுத்தேர்வுக்கு மாநில ரேங்க் அறிவிக்கப்படுவதில்லை. தேர்ச்சி பெறாதோர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம். முடிவுகள் வெளியாகும் நாளுக்கு முன்பே இதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். அன்று அவர்களைத் தனியே விடாதீர்கள்.

பேசுவது எப்படி?

"உனக்கு என்னல குறை? நாங்க பட்ட பாட்டையா நீ பட்டுட்ட?" என்ற கேள்வி, பேச வந்த பிள்ளையின் வாயை அடைத்துவிடும். மாறாக, "ஐயா, கொஞ்ச நாளா உன் முகமே சரியில்லையே, என்கிட்ட சொல்லுய்யா" என்று தொடங்கலாம். வயல் வேலையின்போதோ, மாலையில் திண்ணையில் அமர்ந்திருக்கும்போதோ இப்பேச்சு எளிதாக வரும். அறிவுரையைப் பின்னர் கூறலாம். முதலில் குறுக்கிடாமல் கேளுங்கள்.

"செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பாரத்தை இறக்கிவைக்க ஒரு வழி பிறக்கிறது. உண்டு என்று விடை வந்தால் திட்டாதீர்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வாழைக்கும் நெல்லுக்கும் வாங்கிய பூச்சிமருந்தையும், தாத்தா பாட்டியின் மாத்திரைகளையும் பூட்டிவைத்துச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் சிறிது நேரமே. அந்நேரத்தில் கைக்கு எட்டாமலிருப்பது உயிரைக் காக்கும். ஏற்கெனவே முயற்சி நடந்திருந்தால், வழக்கு வரும் என்று அஞ்சி மறைக்க வேண்டா. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கருதுகிறது, தண்டிப்பதில்லை.

சிகிச்சை

இலேசான நிலையில் ஆலோசனைச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். நடுத்தர, கடுமையான நிலைகளில் மருந்தும் தேவைப்படலாம். மருந்து வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் படபடப்போ, இறப்பு பற்றிய எண்ணமோ மிகுந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நலமானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்து தொடரும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதைப்பொருள்கள் அல்ல. கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுவது மனத்துக்கு ஆறுதல் தரலாம். அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டா.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. பாளையங்கோட்டை வரை செல்ல இயலாதோர், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளைக் கேட்டறியலாம். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம். பிள்ளைகளும் தாமாகவே அழைக்கலாம். உடனடி ஆபத்து எனில் 108.

பராமரிப்போர் தம்மையும் மறக்கலாகாது. "நான் எங்கே தவறினேன்?" என்ற கேள்வி உங்களை அரிக்கக்கூடும். இந்நோய் எவருடைய குற்றமும் அன்று. பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பைத் தாய் ஒருவரே சுமக்காமல் தந்தை, சித்தி, மாமா, ஆசிரியர் எனப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது பிள்ளையின் உறக்கம், உணவு, பள்ளிக்குச் செல்லாத நாட்கள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். சிறிது நேரம் பிள்ளையுடன் தனியே பேச மருத்துவர் விரும்புவார்; அதற்கு இடங்கொடுங்கள். இரு வாரங்கள் கடந்துவிட்டனவா என்று ஐயம் இருந்தாலும் வரலாம். ஒன்றுமில்லை என்று தெரிந்து வீடு திரும்பினால் அதுவும் நன்றே.