கைதவறும் மனமும் சிரிக்கும் மூளையும்

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் மாடித் தொட்டி வழிந்து தெருவில் ஓடுவது, அடுப்பில் வைத்த பால் தீயும் வாடை வந்த பிறகே நினைவு வருவது, தலையில் இருக்கும் ஹெல்மெட்டை வண்டியில் தேடுவது, சாம்பாரில் உப்பை இரண்டு முறை போடுவது, கைபேசியில் பேசிக்கொண்டே கைபேசியைக் காணோம் என்று வீட்டைப் புரட்டுவது ஆகியவற்றை உளவியல் 'செயல் பிசகுகள்' என்ற ஒரே வகையில் அடக்குகிறது. செய்ய நினைத்தது சரியாக இருக்கும். செய்யும் திறமையும் இருக்கும். நடந்தது மட்டும் வேறாக இருக்கும். ஒரு வேலையைத் தெரியாமல் தப்பாகச் செய்வதும், திட்டமே தவறாகப் போடுவதும் இந்த வகையில் சேரா.

இந்தப் பிசகுகளை ஆய்வுப் பொருளாக்கியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். 1970களில் ஒருநாள் அவர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது பூனை பசியில் கத்தியது. டப்பாவைத் திறந்து பூனைக்கான உணவைக் கரண்டியில் அள்ளி, தேநீர்க் கெண்டிக்குள் போட்டுவிட்டார். வேறொருவர் சிரித்துவிட்டு மறந்திருப்பார். ரீசனோ இரண்டு வேலைகளும் எந்த இடத்தில் ஒன்றோடொன்று கலந்தன என்று யோசிக்கத் தொடங்கினார். 35 பேரிடம் நாட்குறிப்பு கொடுத்து, 2 வாரங்களில் நேரும் பிசகுகளை எல்லாம் எழுதச் சொன்னார். 400க்கும் மேற்பட்டவை சேர்ந்தன. ஏறத்தாழ ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. செய்ததை மறந்து மறுபடி செய்வது, செய்ய எழுந்ததை வழியிலேயே மறப்பது போன்ற நினைவுப் பிசகுகளே அவற்றில் மிகுதி.

ஏன் இப்படி நேர்கிறது என்பதற்கான விடை வியப்பானது. புதிதாக வண்டி ஓட்டப் பழகுபவரின் முழுக் கவனமும் கிளட்ச், கியர், பிரேக் ஆகியவற்றிலேயே இருக்கும். சில மாதங்களில் கையும் காலும் தாமாக வேலை செய்யத் தொடங்கிவிடும். மூளையின் அடித்தள முடிச்சுகள் என்ற பகுதி பழகிப்போன செயல்தொடரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள, திட்டமிடும் முன்பகுதி வேறு சிந்தனைக்கு விடுபடுகிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பல் துலக்கவும் சட்டைப் பொத்தான் போடவுமே காலைப்பொழுது போய்விடும். ஆனால் பழகிய தடம் வலுவானது. ஞாயிற்றுக்கிழமை சென்னையை அடுத்த குன்றத்தூரில் காய்கறி வாங்கக் கிளம்பியவரின் வண்டி, எண்ணம் சற்றே விலகியதும் தினம் வேலைக்குப் போகும் சாலையில் திரும்பிவிடுகிறது. அமெரிக்க அறிவியலாளர் டொனால்ட் நார்மன் 1981இல் இதைத் தனி வகையாகவே விளக்கினார்: அடிக்கடி செய்யும் செயல், அரிதாகச் செய்யும் செயலைப் பிடித்துத் தன் வழிக்கு இழுத்துவிடுகிறது.

ஆக, இத்தகைய பிசகு கற்றுக்குட்டிக்கு நேர்வதைவிடக் கைதேர்ந்தவருக்கே எளிதில் நேர்கிறது. பத்து வருடம் சமைத்தவர்தான் வேறு யோசனையில் உப்பை இருமுறை போடுவார். முதன்முறை சமைப்பவர் ஒவ்வொரு சிட்டிகையையும் எண்ணிப் போடுவார். "எனக்கு மட்டும்தான் இப்படி, மூளையே மழுங்கிவிட்டது" என்று நொந்துகொள்ளும் எவரும் இதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1982இல் உளவியலாளர் டொனால்ட் பிராட்பென்ட்டும் உடன் ஆய்ந்தோரும் 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரலை வெளியிட்டார்கள். பெயர் மறப்பது, வைத்த பொருளைத் தேடுவது, கதவைப் பூட்டினோமா என்று ஐயப்படுவது என எல்லாமே அன்றாடச் சமாச்சாரங்கள். எதிலுமே 'ஒருபோதும் இல்லை' என்று உண்மையாகச் சொல்லக்கூடிய மனிதரைக் காண்பது கடினம்.

மனிதக் கை தவறும் என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொண்டு, அதன் மேல் வேலை முறையையே கட்டிய இடம் தொழிற்கூடம். குன்றத்தூருக்கும் திருநீர்மலைக்கும் இடையில் உள்ள திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. வாகன உதிரிப்பாகங்களும் இயந்திரப் பாகங்களும் செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த இடம். லேத்திலும் பிரஸ் மிஷினிலும் ஒரே அசைவை நாளெல்லாம் செய்பவரின் கவனம் சில நொடிகளாவது விலகியே தீரும். வீட்டில் அதற்கு விலை ஒரு பாத்திரம் பால். பிரஸ்ஸில் விலை விரல்கள். அதனால்தான் பாதுகாப்பான பிரஸ், இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒருசேர அழுத்தினால் மட்டுமே இறங்கும்படி அமைக்கப்படுகிறது. கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் அசையாது. தொழிலாளி ஒருபோதும் அசரமாட்டார் என்று நம்பி எந்த நல்ல இயந்திரமும் வடிவமைக்கப்படுவதில்லை.

இந்தச் சிந்தனையை ஒழுங்கான முறையாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1961இல் யமடா எலக்ட்ரிக் ஆலையில் ஒரு சுவிட்சுக்குள் இரண்டு சிறு சுருள்வில்கள் வைக்க வேண்டிய வேலை. தொழிலாளர்கள் சில நேரம் ஒன்றை மறந்துவிடுவார்கள். திட்டியும் எச்சரித்தும் பயனில்லை. ஷிங்கோ சொன்ன தீர்வு மிக எளிது: முதலில் இரண்டு வில்களையும் ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு பொருத்த வேண்டும். முடிந்ததும் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் பிசகு அப்போதே கண்ணில் படும். இந்த முறைக்கு முதலில் முட்டாள்தனத்தைத் தடுப்பது என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. ஓர் ஆலையில் அதைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர் "நான் அவ்வளவு முட்டாளாகவா இருந்தேன்?" என்று அழுதுவிட்டார். அதன்பின் அந்தப் பெயரைக் கைவிட்டு, பிசகைத் தடுப்பது என்ற பொருள்படும் 'போக்கா யோக்கே' என்று ஷிங்கோ மாற்றினார். இன்று உலகெங்கும் வாகனத் தொழிலில் வழங்குவது அந்த இரண்டாவது பெயர்தான். பிசகையும் பிசகியவரையும் பிரித்துப் பார்த்த இந்த முடிவு, பொறியியல் வரலாற்றின் மிகக் கண்ணியமான முடிவுகளில் ஒன்று.

வீட்டிலும் தெருவிலும் அந்தப் பிரிவினை எளிதில் வருவதில்லை. பிசகு சிறிதாக இருந்தாலும் கூச்சம் பெரிதாக இருக்கிறது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பல்லாவரம் வரை பேருந்தில் போனவர், வண்டி முழுக்கத் தன்னையே பார்த்ததாக நினைப்பார். இந்த நினைப்பை கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழு அளந்து பார்த்தது. முடிவுகள் 2000ஆம் ஆண்டு வெளியாயின. சங்கடப்படுத்தும் படம் அச்சிட்ட பனியனை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. மற்றவர்கள் அவரவர் கவலையில் இருக்கிறார்கள்.

இந்தக் கூச்சம் சிரிப்பாக மாறும் இடத்தைப் பற்றித் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலம் முன்பே சிந்தித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையையே முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. பின்னால் உரை எழுதிய பேராசிரியர் இந்த நான்கையும் எட்டாக விரிக்கிறார். பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. பேதைமையும் அவ்வாறே: பிறர் பேதைமை கண்டு நகுவதும் தன் பேதைமை கண்டு தானே நகுவதும் என இரண்டு. தன்னைப் பார்த்துத் தான் சிரிப்பதை, அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு நிகரான தனி ஊற்றாக அந்த உரை ஏற்றுக்கொள்கிறது. நகைச்சுவை குறித்த இன்றைய உளவியல் மிகச் சமீபத்தில்தான் இந்தப் பகுப்பை அளவீடுகளோடு செய்தது.

சிரிப்பு எதற்காக வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் தந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிஃபோர்னியாவில் பணியாற்றும் நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன். 1998இல் அவர் முன்வைத்த கருதுகோளின்படி சிரிப்பு ஒரு பொய் எச்சரிக்கை அறிவிப்பு. ஏதோ தவறாகிறது என்று மூளை பதறுகிறது. அடுத்த நொடியில் ஆபத்து இல்லை என்று தெரிகிறது. உடனே அந்தச் செய்தியைச் சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்ல, தாளத்தோடு கூடிய உரத்த ஒலி எழுகிறது. ஒருவர் சறுக்கி விழுந்து அடிபட்டுவிட்டால் யாரும் சிரிப்பதில்லை, ஓடிப்போய்த் தூக்குகிறார்கள். விழுந்தவர் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தால் சிரிப்பு வருகிறது. ஊசியால் குத்தினால் வலியை உணர்ந்தும் துன்பப்படாமல் சிரிக்கும் ஓர் அரிய நரம்பியல் நிலையையும் அவர் சான்றாகக் காட்டினார். வலியைப் பதிவு செய்யும் பகுதி 'ஆபத்து' என்று சொல்ல, அச்சத்தை எழுப்பும் பகுதிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராமல் அறுந்துவிட்டதால், பொய் எச்சரிக்கைக்கான இரண்டு நிபந்தனைகளும் அங்கே நிறைவேறுகின்றன என்பது அவர் விளக்கம். இது இன்னும் கருதுகோளே. ஆனால் அன்றாடப் பிசகுகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

நடந்ததிலிருந்து விலகி நிற்கும் காலத் தூரமும் சிரிப்பில் பங்கு வகிக்கிறது. நகைச்சுவையை ஆயும் பீட்டர் மெக்ரா குழுவினர், 2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய நகைச்சுவைகளைக் காலவரிசையில் மதிப்பிடச் செய்தார்கள். புயல் தாக்கியதை அடுத்த நாட்களில் அவை அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றவில்லை. 36ஆம் நாள் வாக்கில் மிக வேடிக்கையாகத் தோன்றின, பிறகு சுவை குறைந்தது. சென்னைப் பகுதியைச் சூழ்ந்த 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளும் திருமுடிவாக்கம் பட்டறைகளும் நீரில் நின்ற நாட்களில் அங்கே எவரும் சிரித்திருக்க முடியாது. துன்பத்தில் இருப்பவரிடம் உடனே "சிரித்துக் கடந்துபோ" என்று சொல்வது அறிவியலின்படியும் தவறு, மனிதத்தன்மையின்படியும் தவறு.

தன்னைப் பார்த்துச் சிரிப்பதிலும் இரண்டு வகை உண்டு. கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003இல் வெளியிட்ட அளவுகோல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்தது: உறவை வளர்ப்பது, தன் மனத்தைத் தாங்கிப் பிடிப்பது, பிறரைத் தாக்குவது, தன்னையே தாழ்த்துவது. கடைசி வகையில், மற்றவர் தயவைப் பெறுவதற்காக ஒருவர் தன்னைக் கேலிப்பொருளாக்கிக்கொள்கிறார். அதில் மிகுந்தவர்களிடம் பதற்றமும் சோர்வும் கூடுதலாகக் காணப்பட்டன. தன் மனத்தைத் தாங்கிப் பிடிக்கும் வகையினரிடம் அவை குறைவாக இருந்தன. "பாலைப் பொங்க விட்டேன், இன்றைக்கு வீட்டில் இரண்டாம் பொங்கல்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைப்பவரும், "நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று சிரித்தபடி சொல்பவரும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி தெரிவார்கள். முன்னவர் நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னவரின் சிரிப்புக்கு அடியில் தண்டனை இருக்கிறது. குழந்தைகள் இரண்டையும் வீட்டிலிருந்தே கற்கிறார்கள் என்பதால் பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பது நல்லது.

தமிழர்கள் விரும்பிச் சிரித்த பாத்திரங்கள் பலவும் யாரையும் தாழ்த்தாத வகையைச் சேர்ந்தவை. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' தன் அசட்டுத்தனத்தாலேயே வழக்குகளைத் தீர்ப்பவர். கிண்டியில் பொறியியல் படித்த நாடகாசிரியர் கிரேசி மோகன் மேடையில் கட்டியதெல்லாம் வீட்டுக்குழப்பங்கள்தான். அந்தக் கூத்தில் யாரும் இழிவுபடுவதில்லை.

சேர்ந்து சிரிப்பதற்கு உடல் சார்ந்த பலனும் உண்டு. 1995 மார்ச் 13 அன்று மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் தொடங்கினார். சில நாட்களில் நகைச்சுவைத் துணுக்குகள் தீர்ந்துபோயின. சில துணுக்குகள் மனத்தைப் புண்படுத்தவும் செய்தன. அதனால் துணுக்கே இல்லாமல் சிரிக்கும் பயிற்சியாக அது மாறியது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு, சேர்ந்து சிரித்தவர்களின் வலி தாங்கும் எல்லை உயர்வதைக் காட்டியது. மூளையில் எண்டார்ஃபின் சுரப்பதே காரணம் என்பது அவர்கள் கருத்து. சிரிப்பு நோயைக் குணப்படுத்தும் என்ற பெரிய கூற்றுகளுக்கு இந்த அளவு சான்று கிடையாது.

தன்னை மன்னிப்பது சோம்பலை வளர்க்குமோ என்ற அச்சம் நம் வீடுகளில் பரவலானது. கண்டித்தால்தான் திருந்துவார்கள் என்று நம்பி வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை. 2003இல் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் தற்கனிவு என்ற பண்பை அளக்கும் முறையை உருவாக்கினார். தன்னிடம் கனிவு, இந்தக் குறை எல்லோருக்கும் உள்ளது என்ற உணர்வு, துயரை ஊதிப் பெருக்காமல் உள்ளபடி பார்க்கும் நிதானம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். 2012இல் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றை வைத்து மாணவர்களைத் தடுமாறச் செய்தார்கள். தன்னிடம் கனிவாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்கள். பிசகை மறைக்கத் தேவையில்லாதவருக்கு அதைத் திருத்த மனம் மிச்சமிருக்கிறது. மோட்டாருக்கு ஒரு தானியங்கி நிறுத்தி, சாவிக்கு ஒரே ஆணி, மாத்திரைக்கு நாள் எழுதிய டப்பா என்று ஷிங்கோவின் சிறு தட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் வேலையும் அதற்குப் பிறகே தொடங்கும்.

எல்லா மறதியும் சிரித்துவிட்டுப் போகக்கூடியதும் அன்று. தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவை பிசகுகளைக் கூட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பழகிய தெருவில் வழி தெரியாமல் போவது, நெருங்கியவரின் பெயர் தொடர்ந்து வராமல் போவது, பல ஆண்டுகள் செய்த வேலையின் முறையே மறந்துபோவது ஆகியவை தெரிந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன்னைத்தானே நொந்துகொள்ளும் எண்ணம் வாரக்கணக்கில் விலகாவிட்டால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.