மூன்றே எழுத்து... 645 பொருள்!



'ஆங்கிலத்தில் கஷ்டமான சொல் எது?' என்று கேட்டால், நீங்கள் நீளமான சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொல்வீர்கள். உண்மையில், நீளமான சொற்கள் பரம சாது! 'ரெப்ரிஜிரேட்டர்' என்ற சொல்லை ஒரு முறை படித்துக் கொண்டால் போதும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், அது குளிர்சாதனப் பெட்டி தான்.

நம்மை ஆட்டி வைப்பவை குட்டிச் சொற்கள். செட், புட், கெட், ரன்... இவற்றை ஒன்றாம் வகுப்பிலேயே படித்து விடுகிறோம். அதனாலேயே, 'இது தான் தெரியுமே' என்று அகராதியில் பார்க்காமல் தாண்டிப் போய் விடுகிறோம்.

இன்று, 'ரன்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக் கொள்வோம். ஆங்கிலத்தில் ஆர், யு, என் என்று மூன்றே எழுத்து. பொருள் என்ன? 'ஓடு' என்பீர்கள். சரி தான். ஆனால், அது ஒன்று தான். மீதி எத்தனை தெரியுமா?

ஆங்கில அகராதிகளில் மிகப் பெரியது, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. அதன் ஆசிரியர்களில் ஒருவர், பீட்டர் கில்லிவர். 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று, அவர் உட்கார்ந்து பிரித்து எழுதினார். 2011ல் வெளியான கணக்கு... 645! இதற்கு அவருக்கு ஆன காலம், ஒன்பது மாதம். நீங்கள் ஒரு வகுப்பு முழுக்கப் படித்து, முழு ஆண்டுத் தேர்வே எழுதி விடுவீர்கள். அவ்வளவு நாளும் ஒரே ஒரு சொல்!

இதற்கு முன், 'செட்' என்ற சொல் தான் முதலிடத்தில் இருந்தது. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில், அதற்கு 430 பொருள். அந்த ஒரு சொல்லை விளக்கவே, 60 ஆயிரம் சொற்கள் செலவாகி இருக்கின்றன!

பயந்து விடாதீர்கள். 645ல் பல, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் உள்ளவை. அந்தக் காலத்தில் வழங்கி, இப்போது வழக்கில் இல்லாதவையும் உண்டு. நமக்கு ஓர் இருபது தெரிந்தால் தாராளம்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கின்றனர் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். அது ஒரு சுவையான கதை.

ஜேம்ஸ் முர்ரே என்பவர், குடும்பத்தில் வசதி இல்லாததால், 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். பிறகு, தானாகவே பல மொழிகளைப் படித்து, பள்ளி ஆசிரியர் ஆனார். 1879ல், இந்த அகராதியை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தோட்டத்தில் இரும்புத் தகடு அடித்த ஒரு கொட்டகையைப் போட்டு, அதற்குள் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

'புத்தகம் படிக்கும்போது, ஒரு சொல் எப்படி வருகிறது என்று பார்த்து, அந்த வாக்கியத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்' என்று, பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவ்வளவு தான்... சீட்டுகள் மழையாகக் கொட்டின! ஆக்ஸ்போர்டில் அவர் வீட்டு வாசலிலேயே, தபால் துறை ஒரு தபால் பெட்டியை வைத்து விட்டது. 'முர்ரே, ஆக்ஸ்போர்டு' என்று மட்டும் எழுதினாலே, கடிதம் போய்ச் சேர்ந்து விடுமாம்.

முர்ரேவுக்கு 11 குழந்தைகள். சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கித் தருவது அவர்கள் வேலை. சும்மா இல்லை, கைச்செலவுக்குக் காசு உண்டு!

பத்து ஆண்டுகளில் வேலை முடியும் என்று கணக்குப் போட்டனர். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், 'ஆண்ட்' என்ற சொல் வரை தான் வந்திருந்தது. அதாவது எறும்பு! வேலையும் எறும்பு போலவே ஊர்ந்து, 1928ல் தான் முழு அகராதியும் முடிந்தது. முர்ரே அதைப் பார்க்கவில்லை. 1915லேயே காலமாகி விட்டார்.

ஒரு சொல்லுக்குப் பொருளை யாரும் தானாக உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. மக்கள் எழுதிய வாக்கியங்களைக் குவித்து வைத்து, 'இதில் இப்படி வருகிறது. அதில் வேறு மாதிரி வருகிறது' என்று பிரிக்கின்றனர். நமக்கும் இதே வழி தான் சரிப்படும். வாக்கியத்தைப் பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் குழாயைத் திறக்கிறீர்கள். தண்ணீர் 'ரன்' ஆகிறது. ஜலதோஷமா? மூக்கு 'ரன்' ஆகிறது, அதாவது, ஒழுகுகிறது. உடம்பு சுட்டால், நீங்கள் காய்ச்சலை 'ரன்' செய்கிறீர்கள் என்பது ஆங்கிலேயர் பேச்சு. புதுச் சட்டையைத் துவைத்ததும் சாயம் போகிறதே... அதுவும் 'ரன்' தான். பள்ளிக்குப் போகும் பஸ் 'ரன்' ஆகிறது. வேடிக்கை என்ன என்றால், அந்த பஸ் போகும் சாலையும் 'ரன்' ஆகிறது! 'தி ரோடு ரன்ஸ் அலாங் தி ரிவர்' என்றால், சாலை ஆற்றின் ஓரமாகவே நீண்டு செல்கிறது என்று பொருள். சாலை இருந்த இடத்தில் தான் இருக்கிறது. நம் கண் தான் அதன் மேல் ஓடுகிறது. கம்ப்யூட்டர் வகுப்பில் புரோகிராமை 'ரன்' செய்கிறீர்கள். மாலையில் கிரிக்கெட்... அங்கே பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால், ஓடாமலேயே நான்கு 'ரன்'!

இத்தனைக்கும் உள்ளே ஒரே கரு தான். நிற்காமல் தொடர்ந்து போவது. ஓடுகிற கால், ஓடுகிற தண்ணீர், சுழல்கிற இயந்திரம், நாள்தோறும் நடக்கிற கடை... எல்லாம் அதில் அடங்கி விடும். ரயில் வந்தது, மோட்டார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது ஆங்கிலேயர் புதுச் சொல் தேடவில்லை. இருந்த 'ரன்' சொல்லையே கொடுத்து விட்டனர். அதனால் தான், இது இப்படிப் பெருத்துப் போனது.

கடை என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், 'மை பாதர் ரன்ஸ் எ டீ ஷாப்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், 'என் அப்பா டீக்கடைக்கு ஓடுகிறார்' என்று எழுதி, எழுந்து படித்தான். வகுப்பே சிரித்தது. அவன் அப்பா நிஜமாகவே டீக்கடை வைத்திருந்தவர். அதனால், சிரிப்பு இன்னும் அதிகமாகி விட்டது.

அவன் எழுதியதில் எவ்வளவு யோசனை இருக்கிறது, பாருங்கள். 'ரன்' என்றால் ஓடு. கடையை ஓடுகிறார் என்று எழுதினால் தமிழில் சரிவராது. எனவே, 'க்கு' சேர்த்திருக்கிறான்! சிரித்தவர்களில் பலர், வாக்கியத்தை எழுதவே இல்லை. ஆனாலும், அன்றிலிருந்து ஆங்கில வகுப்பில் அவன் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டால், தலையைக் குனிந்து கொள்வான். ஒரு சொல்லால் ஒரு பிள்ளையின் வாய் அடைபட்டுப் போகும் என்றால், அது சின்ன விஷயம் இல்லை.

நான்கைந்து நாள் பொறுத்து, கரும்பலகையில் ஒரு தமிழ் வாக்கியம் எழுதினேன். 'அந்தப் படம் எங்கள் ஊரில் நூறு நாள் ஓடியது.'

இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். சிரித்தவர்கள் எல்லாரும் விழித்தனர். 'ஓடியது என்றால் 'ரன்' போடக் கூடாது சார்... படத்துக்குக் கால் இருக்கா?' என்றான் ஒருவன். அப்போது, கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிய குரல். 'சார்... தமிழில் மட்டும் படத்துக்குக் கால் இருக்கா?'

அவன் தான்! 'தி பிலிம் ரன் பார் எ ஹன்ட்ரட் டேஸ்' என்று சொன்னான். 'ரன்' என்பதை, இறந்த காலத்தில் 'ரான்' என்று மாற்ற வேண்டும் என்பதை மட்டும் நான் சொன்னேன்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. நம் 'ஓடு' மட்டும் சும்மாவா இருக்கிறது? படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, நாட்கள் ஓடுகின்றன, உடம்பில் ரத்தம் ஓடுகிறது. தேர்வு அறையில் வினாத்தாளைப் பார்த்ததும், 'ஒன்றுமே ஓடவில்லை' என்கிறோம். அம்மா, 'இந்த மாதச் செலவை எப்படியோ ஓட்டி விட்டேன்' என்கிறார். கூரையில் ஓடு, முட்டைக்கும் ஓடு, ஆமைக்கும் ஓடு! வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் படிக்க வந்தால், நம்மைப் பார்த்துத் தலையில் கை வைத்துக் கொள்ள மாட்டாரா?

ஆனால், இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் ஒத்துப் போவதில்லை. ஆங்கிலத்தில் கடையை 'ரன்' செய்கின்றனர். நாம், கடை 'நடத்துகிறோம்'. 'நட' என்பதிலிருந்து வந்தது தான், 'நடத்து'. அவர்கள் கடை ஓடுகிறது. நம் கடை நடக்கிறது! தேர்தலைப் பாருங்கள்... அமெரிக்காவில் வேட்பாளர், தேர்தலுக்கு 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நாமும், 'தேர்தலில் நிற்கிறார்' என்று தான் சொல்கிறோம். ஒரே வேலை, ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் நிற்கிறார்.

இனி, ஒத்த பொருள் சொற்களுக்கு வருவோம். 'ரன் சொல்லுக்கு இணையான சொல் தருக' என்று கேட்டால், உடனே எழுதி விடாதீர்கள். எந்த 'ரன்' என்று முதலில் பாருங்கள். ஆறு என்றால் 'ப்ளோ', கடை என்றால் 'மேனேஜ்', இயந்திரம் என்றால் 'ஒர்க்'.

காலால் ஓடுவதிலேயே எத்தனை வகை! உடற்பயிற்சிக்காக மெல்ல ஓடினால், 'ஜாக்'. கொஞ்ச தூரத்தை முழு வேகத்தில் கடந்தால், 'ஸ்பிரின்ட்'. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போனால், 'கேலப்'. எலி, அணில் போல் குடுகுடுவென்று ஓடினால், 'ஸ்கேம்பர்'. ஆபத்துக்குப் பயந்து தப்பி ஓடினால், 'ப்ளீ'. மிரண்ட குதிரை திடீரென்று பிய்த்துக் கொண்டு ஓடினால், 'போல்ட்'. பெர்லின் நகரில் 2009ல், 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினாரே உசேன் போல்ட்... அவர் பெயரிலேயே ஓட்டம் இருக்கிறது, பாருங்கள்!

இவற்றை ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. 'மை பாதர் ஜாக்ஸ் எ டீ ஷாப்' என்று எழுதினால், அப்பா கடையைத் தூக்கிக் கொண்டு பூங்காவைச் சுற்றி வர வேண்டியது தான்.

'ரன்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டு வரும் வாலையும் கவனியுங்கள். 'ரன் இன்டூ' என்றால், எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. மோதுவது என்றும் வரும். 'ரன் ஓவர்' என்றால், வண்டி ஏறி விடுவது. 'ரன் அவுட்' உங்களுக்கே தெரியும். ஆனால், சமையலறையில் சர்க்கரையும் 'ரன் அவுட்' ஆகும். நடுவர் கை தூக்க வேண்டியதில்லை. தீர்ந்து போய் விட்டது என்று பொருள்.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். மனப்பாடம் செய்தால், இரண்டு நாளில் மறந்து போகும். பழைய நோட்டில் மீதமுள்ள தாள்களைக் கிழித்து, முர்ரேவைப் போல் சீட்டு தயார் செய்யுங்கள். பாடத்திலோ, செய்தித்தாளிலோ, 'ரன்' எங்கே கண்ணில் பட்டாலும், சொல்லை மட்டும் எழுதாமல், முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். அடியில் தமிழில் என்ன பொருள் என்று ஒரு வரி. ஒரு தீப்பெட்டி அட்டைப் பெட்டியில் போட்டு வாருங்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் பெட்டி நிறைந்து விடும்.

இப்போது, உங்களுக்கு ஒரு சின்ன சோதனை. கீழே உள்ள மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒன்றில் மட்டும் 'ரன்' வராது. எது?

1. என் அண்ணன் பஸ் ஓட்டுகிறார்.
2. எங்கள் ஊருக்கு இரவு 10 மணிக்கு மேல் பஸ் ஓடாது.
3. பாதி வழியிலேயே எங்களிடம் இருந்த தண்ணீர் தீர்ந்து விட்டது.

விடை: முதல் வாக்கியம். அங்கே, 'ட்ரைவ்' தான் வர வேண்டும். தெரியாமல் 'ரன்' போட்டு விட்டால், சம்பளத்துக்கு ஓட்டுகிற அண்ணனை, பஸ் முதலாளி ஆக்கி விடுவீர்கள்!