மலைமேல் ஒரு மாரடைப்பு

1845ஆம் ஆண்டில், மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் பழனி மலைத்தொடரின் மேலே முதன்முதலாகப் பங்களாக்கள் கட்டிக் குடியேறினர். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சியே அவர்கள் மலையேறினார்கள். கொடைக்கானல் நகரம் தோன்றிய விதம் இது. அன்று முதல் தேக சௌக்கியத்துக்காக மலையேறுவது என்பது நம்மவருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரு வியாதி மட்டும் இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டது. மாரடைப்புக் கண்டவர் பிழைக்க வேண்டுமானால், பெரிய ஆஸ்பத்திரியை நாடி மலையிலிருந்து கீழே இறங்கியாக வேண்டும்.

இறங்குவது லேசான காரியமா? கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் மூடுபனியும் மழையும் சேர்ந்துகொண்டால் மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ உள்ளவர் முதலில் கொடைக்கானலுக்கே வந்து சேர வேண்டும். வெள்ளகவி போன்ற ஊர்களிலோ, தலைமுறை தலைமுறையாக நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமந்தே காட்டு வழியே கொண்டு சென்றிருக்கிறார்கள்.

மாரடைப்பில் நடப்பது என்ன? இருதயத்தின் தசைக்கே இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில், பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்து தடித்துக்கொண்டு வருகிறது. ஒரு நாள் அந்தத் தடிப்பு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்குள்ளாகவே தசை சாகத் தொடங்கும். சில மணி நேரத்தில் அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் பெரும் பகுதி போய்விடும். செத்த தசை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே இங்கே மருந்தைவிடக் கடிகாரமே முக்கியம் என்று சொன்னாலும் தவறாகாது. 1986ல் இத்தாலி தேசத்து வைத்தியர்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சியில், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்தை வலி கண்ட ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடையே மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நேரம் செல்லச் செல்ல மருந்தின் பலனும் தேய்ந்துகொண்டே போயிற்று.

பின்னர் மேனாடுகளில் இதைவிடச் சிறந்த முறை வழக்கத்துக்கு வந்தது. கை அல்லது தொடையின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, பலூனால் அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழலைப் பொருத்திவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டுமென்பது அவர்கள் வகுத்த விதி. விதி நல்லதுதான். மன்னவனூர் விவசாயிக்கு அதனால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்கு விடை தேட முற்பட்டவர்கள் நம் தமிழ்நாட்டு வைத்தியர்களே என்பதில் நமக்குப் பெருமை உண்டு. கோயமுத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முள்ளசாரியும் மேனாட்டு முறையை அப்படியே பெயர்த்து நட முயலவில்லை. அவர்களுடைய திட்டம் சக்கரத்தைப் போன்றது. நடுவிலே பலூன் சிகிச்சை செய்யும் பெரிய ஆஸ்பத்திரி. அதைச் சுற்றிலும் ஆரக்கால்களைப் போல் சிறிய ஆஸ்பத்திரிகள். நோயாளி முதலில் போவது சிறிய ஆஸ்பத்திரிக்கு. அங்கே எடுக்கும் ஈ.ஸி.ஜி. படம் தந்தியினும் விரைவாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். பலூன் சிகிச்சைக்கு உரிய காலத்தில் போய்ச் சேர முடியாதென்று தெரிந்தால், இருக்கிற இடத்திலேயே உறைவைக் கரைக்கும் மருந்தை ஊசியாகப் போட்டு, பிறகு நிதானமாக, ஒரு நாளுக்குள், பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். வண்டிக்கு 108 ஆம்புலன்ஸ், செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்.

முதலில் கோவை, ஈரோடு பிரதேசத்தில் சிறு அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பின்பு 2012 முதல் 2014 வரை, 4 பெரிய ஆஸ்பத்திரிகளையும் 35 சிறிய ஆஸ்பத்திரிகளையும் இணைத்து 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். முடிவுகள் 2017ல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் இருதய சஞ்சிகையில் வெளியாயின. திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 17.6 பேர் இறந்தனர்; திட்டத்துக்குப் பின் 14.2 பேர். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இறந்தவர்களின் விகிதம் மட்டும் அநேகமாக மாறவில்லை. சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கிச் செய்த சோதனையும் அன்று. முன்னும் பின்னும் ஒப்பிட்டதுதான். எனினும் நூறு குடும்பங்களில் மூன்று குடும்பங்களுக்கு மேல் ஒரு தகப்பனோ தாயோ மிஞ்சியது அற்ப விஷயமல்ல. அந்த நோயாளிகளின் சராசரி வயது 55க்கும் குறைவு என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வயது அது.

கொடைக்கானலை மனத்தில் வைத்து இம்முறை வகுக்கப்படவில்லை. ஆயினும், மலைவாசிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு இல்லை என்பதே நம் அபிப்பிராயம். 2023ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே திசையில் ஓர் அடிதான். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என்னும் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். இவை உறைவு மேலும் வளராமல் தடுக்க உதவும். உறைந்ததைக் கரைக்கும் மருந்து வேறு. அந்த ஊசி சில வேளை மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கிவிடுமாதலால், தேர்ந்த வைத்தியர் பார்த்தே போட வேண்டும்.

மலைப்பூண்டு அடைப்பைக் கரைக்கும் என்று நம்புவோர் பலர். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டின் மணத்துக்கும் காரத்துக்கும் நாமும் அடிமைகளே. ரசத்தில் தாராளமாகப் போடலாம். மாரடைப்பு வந்த இரவில் அதை நசுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. இதைவிடக் கொடியது 'வாயு' என்னும் சொல். நெஞ்சு அழுத்துகிறது, வேர்க்கிறது, இடது கை கடுக்கிறது. வீட்டில் இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்து விடியும்வரை காத்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் ஸ்திரீகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியுமாகவே வருவதும் உண்டு.

பணம் படைத்தவர்கள் செய்யும் தவறு வேறு. காரை எடுத்துக்கொண்டு, வழியிலுள்ள ஆஸ்பத்திரிகளை எல்லாம் தாண்டி, நேரே மதுரைக்கு விரைகிறார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். 108க்குச் சொல்லிவிட்டு, மலைமேலேயே ஈ.ஸி.ஜி. எடுத்து, வைத்தியர் தரும் முதல் மருந்தை வாங்கிக்கொண்டு இறங்குவதே முறை. வலி தொடங்கிய மணியையும் மருந்து கொடுத்த மணியையும் ஒரு காகிதத்தில் குறித்து, அந்த ஈ.ஸி.ஜி. தாளோடு சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே காத்திருக்கும் வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.