நாற்றமும் நஞ்சும்
தாங்கவொண்ணாத துர்நாற்றத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் 'மெபிடிக்' என்றொரு சொல் உண்டு. பண்டை இத்தாலியில் நிலத்திலிருந்து கிளம்பும் நச்சாவிக்குரிய தெய்வம் மெபிடிஸ். சொல் அங்கிருந்து வந்தது. 1772-இல் டேனியல் ரூதர்போர்டு (அணுக்கருவைக் கண்டவர் வேறொருவர்) தம் ஆய்வேட்டில் கரியமில வாயுவுக்கு 'மெபிடிக் காற்று' என்ற பெயரைக் கையாண்டார். வேடிக்கை என்னவெனில், அவ்வாயுவுக்கு நாற்றமே கிடையாது!

மெபிடிஸ் கோயில் இருந்த பள்ளத்தாக்கில் மூக்கைத் துளைப்பது ஹைட்ரஜன் சல்பைடு. வெளிவரும் வாயுவில் பெரும்பங்கு கரியமில வாயு. விலங்குகள் அங்கே மடிவதுண்டு.

ஹைட்ரஜன் சல்பைடும் மூக்கை ஏமாற்றும். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கையிலேயே அழுகிய முட்டை நாற்றம் வீசும். 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப்போகும். சாக்கடைக் குழிக்குள் இருப்பவர் 'நாற்றம் நின்றுவிட்டது' என்றால் உடனே அவரை மேலே தூக்கவேண்டும். மூச்சுக் கருவியின்றி மற்றொருவர் இறங்கலாகாது.