மூலப் பிரதியும் மொரிஸ் மைனரும்

பழைய மோட்டார் காரைப் புதுப்பிப்பதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அது விளங்கும். 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சில் கொண்டுவந்தார்கள். எது மூலம், எது பின்னால் வந்த கை சேர்த்தது என்பதே அவர்களை ஓயாமல் வாட்டிய கேள்வி. எழுபது வயதைக் கடந்த ஒரு காரைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்பவரையும் இதே கேள்விதான் வாட்டுகிறது.

நம் மலைநாட்டுக்குப் பழக்கமான மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1971 வரை ஏறக்குறைய 16 இலட்சம் கார்கள் வெளிவந்தன. நம் நாட்டிலோ அதன் கதை வேறு விதமாக நீண்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த கார்களை வைத்தே காலந்தள்ள வேண்டியிருந்தது. மேலைநாட்டில் பழைய இரும்புக்குப் போன வண்டி இங்கே டொக்டருக்கும் கங்காணிக்கும் வாடகைக்காரருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடவைத்தவர்கள் நம் கராஜ்காரர்கள். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். லொறியிலிருந்து கழற்றியதைக் காருக்குப் பொருத்தினார்கள். ஆகவே இலங்கையில் ஒரு பழைய காரைத் திறப்பவர் காண்பது மூலத்தை மட்டுமல்ல, பல கைகள் எழுதிய ஓர் ஏட்டை.

இங்கேதான் கம்பனி வெளியிட்ட கைந்நூல் வேண்டியதாகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மைனர் உற்பத்திக்குப் போகுமுன் இசிகோனிசுக்கு அது மிக ஒடுங்கலாகத் தோன்றியது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். ஆனால் பம்பர்களைப் பழைய அளவில் முன்கூட்டியே செய்து முடித்திருந்தார்கள். அவற்றையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டை வைத்து இணைத்தே ஆரம்பகாலக் கார்களுக்குப் பூட்டினார்கள். விஷயம் தெரியாதவர் அந்த ஒட்டைப் பார்த்தால், எங்கோ மோதி எவனோ ஒட்டுப்போட்டிருக்கிறான் என்று எண்ணி, ஒட்டில்லாத முழுப் பம்பரைத் தேடிப் பூட்டுவார். இடைச்செருகல் என்று நினைத்துக் களைந்தது மூலபாடமாக இருந்துவிடும். பதிப்பாசிரியர்களுக்கு இந்த விபத்து புதிதல்ல.

இதைவிட விசித்திரமானது மரைச் சங்கதி. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் இங்கிலாந்தின் கொவென்றியில் ஒரு தொழிற்சாலையை நிறுவியது. 1923இல் வில்லியம் மொரிஸ் அதை வாங்கினார். அங்கிருந்த பிரெஞ்சு இயந்திரங்கள் வெட்டியவை மெட்ரிக் மரைகள். ஆங்கிலத் தொழிலாளி கையில் இருந்தவையோ விட்வர்த் ஸ்பானர்கள். எனவே மரை மெட்ரிக்காகவே இருக்க, போல்ட்டின் தலை மட்டும் விட்வர்த் அளவுக்குச் செய்யப்பட்டது. முதல் மைனர்களின் 918 சி.சி. என்ஜின்வரை இந்தக் கலப்புமணம் நீடித்தது. ஸ்பானர் பொருந்துகிறதே என்று கடையில் வாங்கிய விட்வர்த் போல்ட்டை முறுக்கினால், இரண்டு சுற்றுப் போய் இறுகும். மூன்றாம் சுற்றில் என்ஜின் உடம்பிலுள்ள மரை அழிந்துவிடும். அழிந்த மரைக்குப் பாடபேதம் கிடையாது.

கைந்நூல் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒன்றல்ல. சாரதிக்கான சிறு நூல் ஒன்று, கராஜுக்கான பெருநூல் ஒன்று, உதிரிப்பாகப் பட்டியல் ஒன்று. சேகரிப்போர் பலர் படங்கள் நிறைந்த பெருநூலைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் பட்டியலையே முதலில் கைப்பற்றச் சொல்வேன். எந்தச் சட்ட இலக்கத்திலிருந்து எந்தப் பாகம் மாறியது என்பது அதில்தான் இருக்கும். 1952இல் மொரிசும் ஒஸ்டினும் ஒரே நிறுவனமானதும் ஒஸ்டினின் 803 சி.சி. என்ஜின் மைனருக்குள் வந்தது. 1956இல் அது 948 ஆயிற்று. இரண்டாகப் பிரிந்திருந்த முன்கண்ணாடியும் ஒன்றாயிற்று. ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளே வேறு வேறு பாடங்கள். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ள்ஸ் வெயர் நம் நாட்டவரோடு கூட்டுச் சேர்ந்து மைனரின் உடற்பாகங்களை இலங்கையில் செய்வித்து ஆங்கிலேயருக்கு அனுப்பினார். பிறந்த ஊருக்கே இங்கிருந்து படியெடுத்துக் கொடுத்தோம் என்றும் சொல்லலாம்.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கார்களின் தகட்டில், 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த ஈ-எல், ஈ-என் போன்ற இரட்டை எழுத்துகள் இருக்கும். பின்னர் அந்த இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. 1958இல் அதை எதிர்த்துத் தார் பூசும் போராட்டம் நடந்தபோது, நோர்வூட்டிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் மாண்டனர். காரைப் புதுப்பிப்பவர்கள் எழுத்தின் வடிவம், வெள்ளைப் பூச்சின் அளவு என்று தகட்டைத் துல்லியமாக எழுதுவிக்கிறார்கள். அந்த ஓர் எழுத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கு கொடுத்த விலை எந்தக் கைந்நூலிலும் இல்லை.

மூலத்தின் பெருமை இருக்கட்டும், உரைக்கு வருகிறேன். நோர்வூட்டில் ஒரு கராஜில் மைனரின் பெருநூல் ஒன்று இருக்கிறது. அட்டை இல்லை. பக்கங்கள் எண்ணெய் ஊறி வாழைச்சருகு நிறத்தில் இருக்கின்றன. முன்சில்லைத் தாங்கும் ட்ரனியன் மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கும்படி அச்சில் உள்ளது. ஆயிரத்தை ஒரு பென்சில் கோடு வெட்டி, ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கிறது: 'மழைக் காலம் 500. ஜாக் போட்டுச் சில்லைத் தூக்கிய பிறகே அடி.' இந்த மூட்டு வறண்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து கார் குந்திவிடும். சமதரையில் அது செலவு. நம் வளைவுகளில் அது உயிர். பாரம் மூட்டில் இருக்கையில் கிறீஸ் உள்ளே முழுதும் போகாது என்பதால்தான் சில்லைத் தூக்கச் சொல்கிறது குறிப்பு.

"புத்தகம் இங்கிலாந்து ரோட்டுக்கு எழுதினது, சேர். நம்ம ரோட்டுக்கு அப்பாதான் எழுதினாரு" என்றார் கராஜ்காரர்.

அவருடைய தந்தையார் தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படத்தையும் இலக்கத்தையும் பார்த்தே பொருள் கண்டிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் குறிப்புகள்: எந்த லொறியின் வாஷர் இதற்குச் சேரும், எந்தச் சத்தத்துக்கு எந்தக் காரணம், பனியில் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் எதைத் துடைப்பது. தமிழில் மோட்டார்த் தொழில்நுட்பம் எழுதப்படவில்லை என்று நாம் மேடைகளில் குறைப்படுகிறோம். அது இப்படி ஓரங்களில் எழுதப்பட்டிருக்கிறது; கராஜ் மூடப்படும்போது பழைய கடதாசி விலைக்குப் போகிறது.

2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்ட பிறகு பழைய கார்களுக்கு மவுசு கூடியது. சேகரிப்பவர் ஒருவர் அந்த நூலை விலைக்குக் கேட்டு வந்தார். பென்சில் எழுத்தை அழிக்க முடியுமா என்றும் விசாரித்திருக்கிறார். சுத்தமான பிரதிக்குத்தானே விலை. கராஜ்காரர் கொடுக்கவில்லை. என்னிடம் அட்டை கட்டித் தரச் சொன்னார். கட்டுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டேன். கிறீஸ் படிந்த பக்கங்களில் பென்சில் படத்தில் தெரியவில்லை. அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாய்த்துப் பிடித்து வாசிக்க, நான் எழுதி வருகிறேன். கிளட்ச் பகுதிவரை வந்திருக்கிறோம்.