அறுந்தும் அறாத வலை

ஓர் ஊருக்கு ஒரே பாதை இருப்பின், அப்பாதையிலுள்ள பாலம் இடிந்த நாளில் ஊர் தனித்து நின்றுவிடும். பாதைகள் பலவாயின், ஒன்று அடைபட்டாலும் வேறொன்றின் வழியே சென்று சேரலாம். கணிப்பொறிகளை இணைக்கும் வலையும் இவ்வெளிய உண்மையையே அடிப்படையாகக் கொண்டது.

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் என்னும் பொறியியலறிஞர் ஒரு வினாவை ஆராய்ந்தார். அணுகுண்டுத் தாக்குதலில் நிலையங்கள் பல அழிந்தாலும், எஞ்சியவை தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வது எங்ஙனம்? அந்நாளைய தொலைபேசி அமைப்பு சில நடுநிலையங்களையே பெரிதும் நம்பியிருந்தது. அவை வீழ்ந்தால் அவற்றைச் சார்ந்தவை யாவும் ஊமையாகிவிடும். ஆகவே, நடுவிடம் என்று ஒன்றில்லாத, மீன்வலை போன்ற அமைப்பை அவர் வகுத்தார். ஒவ்வொரு நிலையமும் மூன்று நான்கு அண்டை நிலையங்களோடு இணைந்திருந்தாலே வலை மிக்க உறுதி பெறும் எனக் கண்டார். செய்தி சிறு கூறுகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு கூறும் அவ்வப்போது திறந்துள்ள வழியே செல்லும். அவருடைய ஆய்வுரைகள் 1964-இல் வெளிவந்தன.

1969-இல் நான்கு நிலையங்களுடன் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ப்பாநெட் என்னும் வலையும் செய்தியைக் கூறுகளாக்கியே அனுப்பியது. பின்னாளில் அதன் ஒவ்வொரு நிலையமும் தன் இணைப்புகளின் நிலையை மற்றவற்றிற்கு அறிவித்துவந்தது. அவ்வறிவிப்புகளைக் கொண்டு நிலையங்கள் தாமே வழியைக் கணக்கிட்டன. ஓர் இணைப்பு அறுந்தால், மனிதர் கை படாமலேயே செய்தி வேறு வழியில் திரும்பியது.

ஆயினும், 1980 அக்டோபர் 27 அன்று அவ்வலை பல மணி நேரம் செயலற்றுப் போயிற்று. குண்டு விழவில்லை, கம்பியும் அறவில்லை. ஒரு நிலையத்தின் அறிவிப்பு, பழுதுற்ற அண்டை நிலையத்தைக் கடக்கையில் அதன் வரிசை எண் சிதைந்தது. அதனால் 8, 40, 44 என்னும் எண்களைத் தாங்கிய மூன்று அறிவிப்புகள் உலவின. எந்த அறிவிப்பு புதியது என்பதை நிலையங்கள் அவ்வெண்ணைக் கொண்டே அறிந்தன. எண்களோ கடிகார முள்போல 63-க்குப் பின் மீண்டும் 0-இலிருந்து தொடங்குபவை. ஆதலின் 8-ஐவிட 40 புதியதாயிற்று. 40-ஐவிட 44 புதியதாயிற்று. 44-ஐவிட 8 புதியதாயிற்று! முடிவின்றிச் சுழன்ற அவ்வறிவிப்புகளைக் கையாள்வதிலேயே நிலையங்கள் ஓய்ந்துபோயின. அவற்றைப் புறக்கணிக்குமாறு கட்டளை புகுத்திய பின்னரே வலை மீண்டது.

வீழ்ந்த நிலையத்தை வலை எளிதில் சுற்றிச் சென்றுவிடும். பிழையான செய்தியைப் பரப்பும் நிலையத்தை அவ்வளவு எளிதில் கண்டுகொள்ளாது. இதனை உணர்ந்தே, இன்றைய வலைகளில் இத்தகைய அறிவிப்புகளுக்கு ஆயுள் வரையறுக்கின்றனர். சிதைவைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்கின்றனர். மாற்று வழிகள் பல இருந்தால் மட்டும் போதாது. வழிகாட்டும் சொல்லும் மெய்யாக இருத்தல் வேண்டும்.