ஊடுபால் குழந்தையின் உடலும் ஒப்புதலும்

குரோமோசோம், சுரப்புநீர், பிறப்புறுப்பு ஆகிய உடற்கூறுகளில் ஏதேனும் ஒன்று ஆண், பெண் என்னும் இரு வகைகளுக்குள் முழுமையாக அடங்காமல் பிறக்கும் குழந்தைகளை ஊடுபால் குழந்தைகள் என்பர். பால் என்பது உடற்கூறு சார்ந்தது. பாலினம் என்பதோ ஒருவர் தம்மை யாராக உணர்கிறார், சமூகம் அவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பவற்றைச் சார்ந்தது. ஊரார் பேச்சுக்கு அஞ்சும் பெற்றோர், குழந்தையின் உடலை ஏதேனும் ஒரு வகைக்குள் பொருத்திவிட அறுவை சிகிச்சையை நாடும்போது, தழும்பு, உணர்விழப்பு, மகப்பேற்றுத் திறன் இழப்பு ஆகிய மீளாத் தீங்குகள் அக்குழந்தைக்கு நேரக்கூடும்.

வளர்ப்பினால் பாலின உணர்வை மாற்றிவிடலாம் என்னும் நம்பிக்கையும் பிழையானதே. ஊடுபாலினர் அல்லாத கனடாச் சிறுவன் டேவிட் ரெய்மர், 1966இல் சுன்னத்தின்போது நேர்ந்த விபத்தில் ஆணுறுப்பை இழந்தபின், உளவியலாளர் ஜான் மணியின் அறிவுரைப்படி பெண்ணாக வளர்க்கப்பட்டும், பதின்பருவத்தில் அந்த அடையாளத்தை உதறி ஆணாகவே வாழத் தலைப்பட்டார்.

சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அருண்குமார்–ஸ்ரீஜா வழக்கில் 2019 ஏப்ரல் 22 அன்று, பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கருத முடியாது என்று தெளிவுபடுத்தியது. அதன் வழியில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலை நிர்ணயிக்கும் அறுவை செய்வதைத் தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் தடைசெய்தது. இந்தியாவில் இத்தகைய தடையை முதலில் விதித்த மாநிலம் தமிழ்நாடு என்பது பெருமைக்குரியது. ஆயினும், பிரசவ அறையில் பெற்றோருக்கு இத்தடை எடுத்துரைக்கப்படாவிட்டால் அதனால் பயனில்லை.

அறுவையைத் தள்ளிவைப்பது மருத்துவத்தையே தள்ளிவைப்பதாகாது. ஊடுபால் தோற்றத்துக்குக் காரணமாகும் பிறவி அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டின் ஒரு வகையில், பிறந்த சில வாரங்களுக்குள் உடலிலிருந்து உப்பு மிகுதியாக வெளியேறி உயிரே போகலாம். பால் குடிக்க மறுத்தல், வாந்தி, சோர்வு, எடை குறைதல் ஆகியவை தென்பட்டால் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் போன்ற ஊர்களின் பெற்றோர் ஒரு நாளும் தாமதிக்காமல் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019 ஊடுபாலினரையும் உள்ளடக்கிக் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. அறுவைக்கு யாரேனும் வற்புறுத்தினாலோ, பள்ளியில் குழந்தை இழிவுபடுத்தப்பட்டாலோ, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும், கட்டணமின்றி வழக்குரைஞரை அமர்த்தித்தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் பெற்றோர் தயங்காமல் அணுகவேண்டும்.